சாமு மாமாவின் சனிக்கிழமை

1

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகன் நாதன் வீட்டிலிருந்த காலிப் பாட்டில்களை ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய், தெருமுனையில் காலிப் பாட்டில்களுக்கென்றே வைத்திருக்கிற பொதுத் தொட்டிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறான். அவன் திரும்பி வரும்போது பின்னாலேயே கீழ்வீட்டுக் கிழவரும் படியேறி வந்தார். எண்பது வயது இருக்கும். முகத்தில் கோபம் இல்லை. வகுப்பில் பேசிய பிள்ளையைக் கண்டிக்கிற வாத்தியார் மாதிரி, "இன்றைக்கு ஞாயிறு" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில் காஸல் என்ற நகரம். இங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, புல் வெட்டக் கூடாது, பாட்டில் உடைகிற சத்தம் கேட்கக் கூடாது. இத்தனைக்கும் அந்தக் கிழவர் கோவில், அதாவது சர்ச் பக்கம் போய் நாற்பது வருஷம் ஆகிறது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஞாயிறு ஞாயிறாக இருக்க வேண்டும். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

கதவைச் சாத்தியதும் நாதன் ஜெர்மனில் கேட்டான், "இது யாருடைய ஞாயிறு?" அவனுக்குப் பதினேழு வயது. இரண்டு வருஷமாக ஆராதனைக்கு எங்களோடு வருவதில்லை. நான் அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். இதே மாதிரி ஒரு கேள்வி, வேறொரு கிழமையைப் பற்றி, கடலூரில் எங்கள் வீட்டை இரண்டாக்கியது. அதைத் தைத்துத் தைத்தே என் அம்மாவுக்கு வயதானது. இந்த மாதம் அம்மா போய் இரண்டு வருஷம் முடிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் சபைக்காரர்கள் யாராவது படித்தால் அப்பாவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பரவாயில்லை, அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2

அப்பா மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். போதகர் வெளியூர் போகிற ஞாயிறுகளில் அப்பாதான் பிரசங்கம் செய்வார். கரும்பலகையில் கணக்குப் போடுவது போலத்தான் அவர் பிரசங்கமும் இருக்கும். முதலில் இது, ஆகவே அது, ஆகவே இது என்று வந்து முடிவில் ஒரு கோடு இழுத்தாற்போல நிறுத்துவார்.

அம்மா சிதம்பரத்துப் பெண். கூடப் பிறந்தது ஒரே தம்பி, சாமுவேல். எனக்குச் சாமு மாமா. அவர் நண்டு, இறால் வாங்கி விற்கிற ஏஜென்ட். முடசலோடை, கிள்ளைப் பக்கம் விடியற்காலையில் படகு வருகிற இடத்துக்கே வேன் கொண்டுபோய், ஐஸ் பெட்டியில் அடுக்கி, கடலூர் முதுநகர் வரைக்கும் கொண்டுவந்து போடுவார். நண்டைத் தூக்கி வயிற்றில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் உள்ளே சதை இருக்கிறதா தண்ணீரா என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு கூடை வரும். நல்ல குணம், நல்ல சிரிப்பு. குடிதான் ஜாஸ்தி.

நான் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் குடித்துவிட்டு வேனோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். இடுப்பெலும்பு உடைந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரைப் பார்க்க வந்த ஒரு மனிதர், மாமாவோடும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். சிதம்பரத்தில் ஒரு வீட்டு மாடியில் கூடுகிற சின்ன ஜெபக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். பத்துக் கட்டளைகளையும், ஏழாம் நாளான சனிக்கிழமை ஓய்வையும், மோசே கொடுத்த உணவு விதிகளையும் அப்படியே கைக்கொள்கிறவர்கள் அவர்கள். மாமா கோலூன்றி நடக்க ஆரம்பித்தபோது குடியை விட்டிருந்தார். அடுத்த மாதம் நண்டையும் இறாலையும் விட்டார்.

விட்டார் என்றால் சாப்பிடுவதை மட்டும் இல்லை, விற்பதையும்தான். தான் அசுத்தம் என்று ஒதுக்குவதை அடுத்தவன் வாய்க்கு விற்பது எப்படி என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வேன் போனது, ஐஸ் பெட்டிகள் போயின. காடாம்புலியூரிலிருந்து முந்திரிப் பருப்பு எடுத்து வந்து, சிதம்பரத்தில் கடை கடையாக மொபெட்டில் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தார். சனிக்கிழமை மட்டும் மொபெட்டைத் தொடமாட்டார்.

அப்பாவால் இதைத் தாங்க முடியவில்லை. அம்மாவுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஒரு தடவை அப்பா பேசிக்கொண்டே போனபோது அவள் சொன்னதை நான் கேட்டேன்.

"எந்தம்பி சனிக்கிழம வேலைக்குப் போவலைன்னா போவட்டும். சனிக்கிழம குடிக்காம இருக்கான்ல. உங்க உடன்படிக்க அத்த செய்யலயே."

3

பழைய உடன்படிக்கையா, புதிய உடன்படிக்கையா என்ற இந்த வழக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எட்டு வருஷம் நடந்தது. நான் நர்சிங் படிக்கப் போய் லீவில் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து நடந்துகொண்டிருக்கும். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கடவுள் மோசே வழியாக இஸ்ரவேல் ஜனத்தோடு செய்துகொண்டது பழைய உடன்படிக்கை. கட்டளைகள், ஓய்வுநாள், எதைத் தின்னலாம் எதைத் தின்னக் கூடாது எல்லாம் அதில் இருக்கிறது. இயேசு தன் இரத்தத்தால் செய்தது புதியது. புதியது வந்ததும் பழையது காலாவதியாகிவிட்டது என்பது அப்பாவின் கட்சி. அந்தச் சட்டத்தை வாங்கச் சீனாய் மலையடியில் நின்றது இஸ்ரவேலர்கள், கடலூர் முதுநகர் மீனவர்கள் இல்லை என்பார். மற்ற ஜனங்கள் மேல் அந்தச் சுமையை ஏற்ற வேண்டாம் என்று இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களே கூடித் தீர்மானித்தார்களே என்பார்.

மாமா நிதானமாகப் பதில் சொல்வார். புதிய உடன்படிக்கை என்பது வேறே சட்டம் இல்லை மாமா, கல்லில் எழுதியிருந்த அதே சட்டத்தை இருதயத்தில் எழுதுகிறேன் என்றுதான் கடவுள் சொல்கிறார், எழுதுகிற இடம்தான் மாறியிருக்கிறது என்பார். அக்கா புருஷனை மாமா என்றுதான் அவர் கூப்பிடுவார். அப்பா அவரை மச்சான் என்பார்.

ஒரு நாள் அப்பா எழுந்து வந்து மாமாவின் சட்டைக் கையைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். ரெண்டு விதமான நூல் கலந்த துணி உடுத்தக் கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது, இது டெரிகாட்டன், என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். மாமா தானும் அந்தக் கையை ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். அடுத்த தடவை சுத்தமான பருத்திச் சட்டையில் வந்தார். அதற்கப்புறம் அவரை வேறு துணியில் நான் பார்க்கவில்லை.

செதிலும் துடுப்பும் உள்ள மீனைத் தின்னலாம் என்பது விதி. வஞ்சிரத்துக்குச் செதில் உண்டா இல்லையா என்று இரண்டு பேரும் ஒரு மதியம் முழுக்க விவாதித்தார்கள். அம்மா பொறுமை போய், மீனையே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டாள். அம்மாவின் அடுப்பில் அந்தக் காலத்தில் இரண்டு சட்டிகள் இருந்தன. அப்பாவுக்குச் சுறாப்புட்டு செய்த சட்டியில் தம்பிக்குச் சமைக்கமாட்டாள். தம்பி வருகிற நாளில் பெரும்பாலும் இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும் செய்துவிடுவாள். சிதம்பரத்துக் கொத்சைப் பற்றி இரண்டு உடன்படிக்கையிலும் ஒன்றும் சொல்லவில்லை என்பாள்.

சிரிப்பும் சண்டையுமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு அப்பா பிரசங்க மேடையிலிருந்து, விடுதலையான பிறகும் விலங்கைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்கிற சிலரைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை. அக்காவைப் பார்க்க வந்திருந்த மாமா அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சபை முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. அன்றைக்கு அவர் வீட்டுக்குச் சாப்பிட வராமல் பஸ் ஏறிவிட்டார்.

4

என் கல்யாணம் ஒரு சனிக்கிழமை நடந்தது.

சபைக் கூடம் அந்த ஒரு நாள்தான் காலியாக இருக்கிறது என்று அப்பா சொன்னார். அம்மா முகம் மாறியது. சாமு வரமாட்டானே என்றாள். ஒரே அக்கா மகள் கல்யாணத்துக்கு வராமல் போய்விடுவானா, வருவான் பார் என்று அப்பா சொன்னார்.

மாமாவின் கூட்டத்தில் ஓய்வுநாள் விதி கடுமையானது. வெள்ளி சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி சூரியன் சாய்கிற வரைக்கும் அடுப்பு பற்றவைப்பதில்லை, பஸ் ஏறுவதில்லை, கல்யாணம், விருந்து எதிலும் உட்காருவதில்லை. அம்மா சிதம்பரம் போய்க் கேட்டுப் பார்த்தாள். "சாயந்திரம் வந்துடுறேன்க்கா" என்பதுதான் பதில்.

கோவிலில் முதல் வரிசையில் அம்மா பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. அவள் கைப்பையை அதன் மேல் வைத்திருந்தாள். நான் மேடையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பைதான் தெரிந்தது.

மாலை வரவேற்பில், விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, வெள்ளைப் பருத்திச் சட்டையில் மாமா கூடத்துக்குள் வந்தார். வாசலில் அப்பா நின்றிருந்தார்.

"உன் நாள் முடிஞ்சிடுச்சா மச்சான்?" என்று கேட்டார். மாமா தலையாட்டினார். "எங்க நாளும் முடிஞ்சிடுச்சு" என்றார் அப்பா.

மாமா மேடைக்கு வந்து என் தலையில் கை வைத்து ஒரு வார்த்தை ஜெபம் செய்தார். என் கணவர் பிரபுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையோடு கொண்டுவந்திருந்த பரிசுப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அம்மா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் பின்னால் ஓடியதை மேடையிலிருந்து பார்த்தேன். அப்பா வந்தவர்களிடம் சாப்பிட்டீர்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பதினேழு வருஷம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

5

கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்துப் பிரபுவுக்கு வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்தோம். இந்த மொழியைக் கற்றுக்கொண்டு, திரும்பவும் பரீட்சை எழுதி, ஒரு முதியோர் இல்லத்தில் நான் செவிலியாகச் சேர ஆறு வருஷம் பிடித்தது. காகிதங்களின் தேசம் இது. நான் பிறந்ததற்கு ஒரு காகிதம், கல்யாணம் ஆனதற்கு ஒன்று, கடலூரில் கொடுத்த கல்யாணச் சான்றிதழும் என் பாஸ்போர்ட்டும் ஒரே ஆளைத்தான் சொல்கின்றன என்பதற்கு ஒன்று. கல்யாண நாளைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் ஒவ்வொரு மேசையிலும் எனக்கு அந்தக் கைப்பை ஞாபகம் வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் கவனித்துக்கொண்ட ஒரு மூதாட்டி, உன்னிடம் டெஸ்டமென்ட் இருக்கிறதா என்று கேட்டாள். இரண்டும் இருக்கிறது, பழையதும் புதியதும், தினமும் படிக்கிறேன் என்று சொன்னேன். அவள் மிரண்டு போய்ப் பார்த்தாள். இங்கே பேச்சு வழக்கில் அந்த வார்த்தைக்கு உயில் என்று அர்த்தம். இவள் தினமும் தன் உயிலை, அதுவும் இரண்டு உயிலை, எடுத்துப் படிக்கிறாளே என்று நினைத்திருக்கிறாள். இதைப் போனில் சொன்னபோது அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள். அடுத்த வாரம் சாமு மாமாவிடமும் சொல்லியிருக்கிறாள், அவரும் சிரித்தாராம். அப்பாவிடம் சொன்னபோது, "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டாராம்.

அம்மா மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை சிதம்பரம் போய்வருவாள். அப்பா தடுத்ததில்லை, கூடப் போனதுமில்லை. அவள் திரும்பி வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பஸ்ஸுல கூட்டமா?" என்று கேட்பார். மாமாவுக்கு உடம்பு எப்படி என்பதை அவர் அப்படித்தான் கேட்பார் என்று அம்மாவுக்குத் தெரியும். கூட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, மாத்திரை மாத்தியிருக்காங்க என்று சொல்வாள்.

நாதன் இதற்கெல்லாம் வெளியே வளர்ந்தான். தாத்தாவிடம் தமிழில் நாலு வாக்கியம் பேசுவான். அதற்கு மேல் போனால் என் முகத்தைப் பார்ப்பான். கோவிலுக்கு வரவில்லை என்று அவன் முதலில் சொன்ன ஞாயிறு, நான் கையில் காரின் சாவியோடு கதவருகே நின்று ஒரு பிரசங்கமே செய்தேன். முதலில் இது, ஆகவே அது என்று என் வாயிலிருந்து வருவது எனக்கே கேட்டது. அவன் அறைக்குள் போய்விட்டான்.

6

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இறந்தாள். சமைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இங்கே எனக்குக் காலை நேர வேலை. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார்.

என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. போன் செய்த இடத்தில் எல்லாரும் இரக்கமாகத்தான் பேசினார்கள். வரிசைப்படி வருகிறது, அவசரத்துக்கு ஒரு வழி உண்டு, ஆனால் அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும் என்றார்கள். யார் மேலும் தப்பில்லை. அடக்கம் மறுநாள் சனிக்கிழமை மாலை என்று சபையில் முடிவாகியிருந்தது. எனக்காகக் காத்திருங்கள் என்று கேட்க எனக்கு ஒரு தேதி கூடக் கையில் இல்லை.

கடலூரில் பக்கத்து வீட்டு ஷர்மிளா வீடியோவில் காட்டப் போனைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிரபுவும் எங்கள் சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் நாதன் வந்து என் பின்னால் நின்றான். வீட்டு முற்றத்தில் கூட்டம். பாட்டு விட்டு விட்டுக் கேட்டது. பெட்டியை மூடுகிற நேரத்தில் கூட்டம் விலகியது. ஒரு வெள்ளைச் சட்டை உள்ளே வந்தது.

"மாமா வந்திருக்காரு" என்றேன். பிரபு கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே மதியம் மூன்றரை. சூரியன் சாய இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

மாமா பெட்டியின் கால்மாட்டில் போய் நின்றார். அப்பா தலைமாட்டில் இருந்தார். அப்பா ஏதோ சொல்வதும், மாமா குனிந்துகொண்டே பதில் சொல்வதும் தெரிந்தது. சத்தம் வரவில்லை. பிறகு இரண்டு பேரும் தூக்கினார்கள். கல்லறைத் தோட்டத்தில் மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு மண்வெட்டியை வாங்கி மண் தள்ளினார். படம் அங்கேயே நின்று போனது. நாதன் என் தோளில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

7

நான் கடலூர் போய்ச் சேர்ந்தபோது மூன்று வாரம் கடந்திருந்தது. அப்பா இளைத்திருந்தார். காபி கலக்க எனக்கு முன்னால் எழுந்து போய், சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடினார். நாற்பத்தைந்து வருஷம் அந்த வீட்டில் இருந்தவர்.

பெட்டியைத் தூக்கும்போது என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். மாமாவைப் பார்த்ததும் அவருக்கு வேறொன்றும் வாயில் வரவில்லையாம். "மச்சான், இன்னைக்குச் சனிக்கிழம" என்றாராம். அதற்கு மாமா, "தெரியும் மாமா. அந்தப் பக்கம் புடிங்க" என்றாராம்.

இதைச் சொன்னபோது அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த வெள்ளிக்கிழமை மாமா என்னைப் பார்க்க வந்தார். மதியம் சாப்பிட்டோம். நான் செய்த கொத்சு சரியாக வரவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். மூன்றரை மணிக்கு மாமா பையை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் சிதம்பரம் போய்விட வேண்டும்.

"இரு மச்சான்" என்றார் அப்பா. எழுந்த என்னையும் கையமர்த்தினார். "எஸ்தரும் இருக்கட்டும். உங்க ரெண்டு பேருக்கும்தான் சொல்லணும்."

மாமா பையைக் கீழே வைத்தார்.

"கல்யாணத்துக்குக் கூடம் சனிக்கிழம மட்டும் காலின்னு சொன்னேன்ல. திங்கக்கிழமயும் காலியாத்தான் இருந்துது. நான்தான் சனிக்கிழம கேட்டு வாங்குனேன். அக்கா மவளுக்காக வந்துடுவ, வந்துட்டா உன் சட்டம் அத்தோட ஒடஞ்சிடும்னு நெனச்சேன்."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஏறிய கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் குடித்த காலத்தில் கூட அப்படி இல்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

மாமா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் முன்னாலேயே நடந்தார். அங்கே நின்றதும், என் பக்கம் திரும்பாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் அன்னைக்கு வந்தேன் பாப்பா. வெள்ளிக்கிழமயே வண்டிப்பாளையம் வந்து தெரிஞ்சவுங்க வீட்டுல தங்கிட்டேன். காலையில நடந்து வந்து கோவில் மதில்சுவருக்கு வெளியில நின்னேன். நீ சம்மதம்னு சொன்னது மைக்குல கேட்டுச்சி. குரல் நடுங்குச்சி உனக்கு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று நானும் கேட்டேன். யாருக்கும் சொல்லவில்லை என்றார். உள்ளே வராதவன் வெளியே நின்றதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டாராம். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

அன்று மாலையும் மறுநாள் முழுக்கவும் அப்பா போனைக் கையிலேயே வைத்திருந்தார். ஓய்வுநாளில் மாமா போன் தொடமாட்டார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் வைத்திருந்தார். இனிமேல் வரமாட்டான் என்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார். நான் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அப்பா மேல் கோபம் இருந்தது. என் கல்யாணத்தை ஒரு கணக்கில் ஒரு வரியாகப் போட்டிருக்கிறாரே என்ற கோபம். ஆனால் எதிரே உட்கார்ந்து தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. தட்டை எடுக்கும்போது, "என் கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்பா நீங்க" என்று மட்டும் சொன்னேன். கேட்டார். எழுந்து நின்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை தொடங்கி இரண்டாம் பாட்டு பாடும்போது மாமா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அப்பா திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தில் குனிந்துகொண்டார். முடிந்ததும் எல்லாரும் வெளியே போக, நாங்கள் மூன்று பேர் மட்டும் பெஞ்சுகளுக்கு நடுவே நின்றோம்.

"சுலபமா வரல மாமா" என்றார் சாமு மாமா. "நேத்து நாள் முழுக்க ஆயிடுச்சி உங்கள மன்னிக்க. ஓய்வுநாள்ல நான் செஞ்ச பெரிய வேலை அதுதான்."

அப்பா மாமாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

8

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. உடன்படிக்கை விஷயத்தில் யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. மாமா இப்போது வியாழக்கிழமை வந்து வெள்ளி மதியம் வரை அப்பாவோடு இருக்கிறார். சில வாரம் சனி, ஞாயிறும் தங்கிவிடுகிறார். வழக்கு போனிலும் நடக்கிறது. இருதயத்தில் எழுதுவதென்றால் கிருபையைத்தான் எழுதுவார், கட்டளையை இல்லை என்று அப்பா ஒரு மணி நேரம் பேசுவதை நான் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறேன். ஆனால் மாமா தங்குகிற சனிக்கிழமைகளில் அப்பா வீட்டில் டிவி போடுவதில்லை. அடுப்பைப் பற்றவைக்காமல், முந்தின நாள் செய்ததை அவரோடு சேர்ந்து ஆறின சோறாகவே சாப்பிடுகிறார். ஏன் என்று கேட்டால், வயசாயிடுச்சி, சூடு ஆவறதில்ல என்கிறார்.

நான் நாதனிடம் பிரசங்கம் செய்வதை நிறுத்திவிட்டேன். ஞாயிறு காலை போகும்போது, போய்ட்டு வரேன் என்று மட்டும் அவன் அறை வாசலில் சொல்கிறேன். சில நாள் பதில் வரும்.

முந்தாநாள் அப்பா ஒரு காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். எழுபத்தெட்டு வயதாகிவிட்டது, எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியதாம். கரும்பலகை எழுத்து, ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு. எந்தக் கல்லறை, எந்தப் பாட்டு, யார் யாருக்குச் சொல்ல வேண்டும். நான்காவது இப்படி இருந்தது: "அடக்கம் எந்தக் கிழமையிலும் வைக்கலாம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். மச்சான் ஓய்ந்திருக்க வேண்டிய நாள்."

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, நீல மையில், வரி கோணலாக: "எந்தக் கிழமையானாலும் நான் வருவேன். சாமுவேல்."

சாப்பாட்டு மேசையில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாதன் வந்து எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். ஜெர்மனில் சொன்னேன். மச்சான் என்பதற்கு அந்த மொழியில் இருக்கிற வார்த்தை அரசாங்கப் படிவத்தில் நிரப்புகிற வார்த்தை மாதிரி இருந்தது. ஓய்ந்திருப்பது என்றதற்கு மூன்று வார்த்தை போட்டுப் பார்த்தேன். அவன் போனை என் கையிலிருந்து வாங்கி அந்த இரண்டு கையெழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"தமிழ்லயே இன்னொரு தடவ படிம்மா" என்றான்.